பந்தயத்தின் நடுவே நிற்பதா, கடந்து போவதா? டிரையத்லான் செய்யும் விசுவாசிகளிடம் ஒரு கேள்வி

நீலத்தொப்பி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) செய்கிற விசுவாசிகள் இங்கே பலர் இருப்பதால், ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். பந்தயத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் கஷ்டப்படுவதைப் பார்க்கிறீர்கள். எப்போது நிற்பீர்கள்? எப்போது கடந்து போவீர்கள்?

லூக்கா 10-ஆம் அதிகாரம் தெரிந்தவர்களுக்கு இதில் கேள்வியே இல்லை என்று சிலர் சொல்லலாம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஆசாரியனும் லேவியனும் பக்கமாய் விலகிப் போனார்கள், சமாரியன் நின்றான், நாமும் அப்படியே செய்ய வேண்டியதுதான். சரி. ஆனால் டிரையத்லானில் நீண்ட வகையான அயர்ன்மேனின் தூரம் என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அந்த நாள் முழுக்க வழியெல்லாம் கஷ்டப்படுகிறவர்கள்தான். பஞ்சர் ஒட்டுகிறவர், வாந்தி எடுக்கிறவர், தசை பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர், அழுதுகொண்டே நடக்கிறவர். ஒவ்வொருவரிடமும் நின்றால் 17 மணி நேரக் கெடுவுக்குள் யாராலும் முடிக்க முடியாது. யாரிடமும் நிற்கவில்லை என்றால், காலையில் தண்ணீருக்குள் இறங்கும் முன் நான் செய்த ஜெபத்துக்கு என்ன அர்த்தம்?

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்தில் யோசித்து முடிவெடுக்க முடியாது. மூச்சு வாங்கும்போது, தாகம் எடுக்கும்போது, கையில் கடிகாரம் ஓடும்போது மனது தனக்குச் சாதகமாகத்தான் பேசும். அதனால் வீட்டிலேயே முடிவு செய்து வர வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் என் பந்தயம் அங்கேயே நிற்கும், கேள்வி கிடையாது. சைக்கிள் கோளாறு என்றால் வேகத்தைக் குறைத்து "எல்லாம் இருக்கிறதா?" என்று கேட்பேன். இல்லை என்றால் என்னிடம் இருக்கும் இரண்டாவது டியூப் அவருக்கு. அதற்கென்றே ஒன்று கூடுதலாக சீட்டுக்கு அடியில் கட்டியிருப்பேன். வெறும் சோர்வு என்றால் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவேன்.

இது போதுமா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

சக்கரச்சத்தம்:

சகோ, நல்ல கேள்வி. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முழு பலத்தோடு ஓடுவதும் ஆண்டவருக்கென்று செய்கிற ஒன்றுதான். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது "பெற்றுக்கொள்ளத்தக்கதாக ஓடுங்கள்" என்றுதான் சொன்னார். கொரிந்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மிய விளையாட்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தன. அங்கே ஜெயித்தவன் தலையில் வைத்தது இலைகளால் கட்டிய வளையம்தான். அந்த அழிவுள்ள கிரீடத்துக்கே அவன் எவ்வளவு இச்சையடக்கத்தோடு பயிற்சி எடுக்கிறான் என்று பவுல் காட்டுகிறார். அவர் அந்த உழைப்பைக் கேலி செய்யவில்லை, அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்.

இந்தப் பந்தயத்துக்காக என் மனைவி எத்தனை காலை வேளைகளில் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பஞ்சருக்கும் நின்றால் அவளுடைய தியாகத்தை நான் இன்னொருவருக்கு அள்ளிக் கொடுக்கிறேன். அவளைக் கேட்காமலேயே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பு ஓய்ந்து, நிற்க ஒரு காரணம் தேடும் நேரத்தில் உதவி என்ற பெயர் ரொம்ப வசதியாக வந்து நிற்கும். யாரையும் குறை சொல்லவில்லை. 30-ஆவது கிலோமீட்டரில் எல்லாருக்கும் வரும் சோதனை அது.

அப்புறம், 2016-இல் மெக்சிகோவின் கோசுமெலில் நடந்த டிரையத்லான் பந்தயம் நினைவிருக்கும். வெயிலில் தள்ளாடிய தம்பி ஜானி பிரவுன்லீயை அண்ணன் அலிஸ்டர் தோளில் கைபோட்டுத் தாங்கி வந்து கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டார். ஹென்றி ஸ்கூமன் முதலிடம், ஜானி இரண்டாமிடம், அலிஸ்டர் மூன்றாமிடம். உலகமே அழுதது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் தன் சொந்தக் காலில் ஓடிவந்து நான்காமிடத்தில் முடித்தவரை யார் நினைத்தார்கள்? அவரும் அயலான்தானே?

வெள்ளைக்கொடி:

பந்தயங்களில் தொழில்நுட்ப அதிகாரியாக நிற்கிறேன், அதனால் விதிகளை மட்டும் தெளிவாக்குகிறேன். எது அனுமதி, எது தகுதிநீக்கம் என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது.

உலக டிரையத்லான் அமைப்பின் விதிகளின்படி ஒரே பந்தயத்தில் இருக்கும் போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் சிறு பொருட்களைக் கொடுக்கலாம். பானம், உணவு, பம்ப், டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் சரி. ஆனால் கொடுத்தவரே தன் பந்தயத்தைத் தொடர முடியாதபடி எதையும் கொடுக்கக் கூடாது. முழு சைக்கிள், சக்கரம், ஹெல்மெட் எல்லாம் இதில் வரும். கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் தகுதிநீக்கம். வெளியாட்களின் உதவி தனிக் கதை. உங்கள் வீட்டார் சாலையோரத்தில் நின்று டியூப் கொடுத்தால் அது மீறல்.

கோசுமெலில் அன்று நடந்தது அப்போதைய விதிகளுக்கு உட்பட்டதுதான். அதனால்தான் அதற்கு எதிரான முறையீடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு விதி மாறியது. இப்போது ஒருவரைத் தாங்கியோ தள்ளியோ முன்னோக்கி நகர்த்தினால் இருவருக்கும் தகுதிநீக்கம். 2019-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் முன்னோட்டப் பந்தயத்தில் ஜெசிக்கா லேர்மந்தும் ஜார்ஜியா டெய்லர்-பிரவுனும் கைகோத்து ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். முதலிரண்டு இடங்களும் போயின. வேண்டுமென்றே சமநிலையில் முடிப்பதைத் தடுக்கத் தனியாகவே ஒரு விதி இருக்கிறது.

இதற்குள்ளேயும் அருமையான காரியங்கள் நடந்திருக்கின்றன. 2008 ஹவாய் அயர்ன்மேன் உலகப் போட்டியில் வீராங்கனை கிறிஸ்ஸி வெலிங்டனுக்குப் பஞ்சர். காற்றடைக்கும் கார்ட்ரிட்ஜ் வீணாகிவிட்டது. அந்த வழியாக வந்த போட்டியாளர் ரெபெக்கா கீட் தன்னிடமிருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார். வெலிங்டன் அந்தப் பட்டத்தை வென்றார். 2020-இல் ஸ்பெயினின் சாந்தாந்தேரில் மூன்றாமிடத்தில் வந்த ஜேம்ஸ் டீகிள் கடைசி நேரத்தில் வழி தவறினார். பின்னால் வந்த தியேகோ மென்ட்ரிதா கோட்டுக்கு முன்னால் நின்று அவரை முதலில் போகவிட்டார். இரண்டும் விதிக்கு உட்பட்டவை.

பந்தயத்துக்குப் பந்தயம் சிறு மாற்றங்கள் இருக்கும். போட்டியாளர் கையேட்டைப் படித்துவிட்டு வாருங்கள். விபத்துக்காக நிற்பதற்குத் தண்டனை எதுவும் கிடையாது. போன நேரம் திரும்பக் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

நீலத்தொப்பி:

நன்றி ஐயா. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலும் சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான் என்று இருக்கிறதே. விதியை மீறி ஒருவரைத் தாங்கிக் கொண்டுவந்தால், அன்பு செய்வதாக நினைத்து அவருடைய முடிவையும் சேர்த்துப் பறித்துவிடுகிறோம். இதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை.

அவசரப்பிரிவு:

செவிலியாகப் பணிபுரிகிறேன். நானும் பந்தயம் செய்கிறேன், சில நேரம் மருத்துவக் கூடாரத்திலும் நிற்கிறேன். "நிற்பதா வேண்டாமா" என்ற கேள்வியோடு "நின்று என்ன செய்வது" என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். நல்ல மனதோடு நின்றவர்கள் தெரியாமல் கெடுதல் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் தண்ணீர். ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்தால் உடனே எல்லாரும் பாட்டிலை நீட்டுகிறார்கள். நீண்ட தூரப் பந்தயத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததாலேயே இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்ச் சரிகிறவர்கள் உண்டு. தலைவலி, குமட்டல், விரல்கள் உப்பி மோதிரமும் கடிகாரப் பட்டையும் இறுகுவது, பேச்சு குழறுவது எல்லாம் அதன் அடையாளமாக இருக்கலாம். அவருக்கு இன்னும் இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. குழப்பமாகப் பேசுகிறவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மருத்துவக் குழுவை அழையுங்கள்.

வெப்பத்தாக்கம் வேறு. உடம்பு கொதிக்கும், ஆள் தன்னிலையில் இருக்க மாட்டார், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, கிடைக்கும் குளிர்ந்த தண்ணீரையும் ஐஸையும் உடம்பின் மேல் போடுங்கள். உதவி நிலையத்தில் ஐஸ் பெரும்பாலும் இருக்கும்.

சைக்கிளில் விழுந்தவரை எழுப்பாதீர்கள். எழுந்தாலும் "ஒன்றுமில்லை, போகிறேன்" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். தலையில் அடிபட்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கழுத்தில் சந்தேகம் இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். முதல் வேலை, பின்னால் வருகிறவர்கள் அவர் மேல் ஏறாமல் பார்ப்பது. ஒருவர் கொஞ்சம் பின்னால் போய் நின்று கையசைக்க வேண்டும். அடுத்து வருகிறவரிடம் போட்டி எண்ணையும் கிலோமீட்டரையும் சொல்லி, வழியில் நிற்கும் அடுத்த மார்ஷலிடம் (பந்தயக் காவலரிடம்) சொல்லச் சொல்லுங்கள். நிற்காமல் போகிற அந்த ஆளும் அப்போது உதவிதான் செய்கிறார். சக்கரச்சத்தம் அண்ணா, உங்கள் மாதிரி வேகமாகப் போகிறவர்களுக்குப் பொருத்தமான வேலை அது.

நீச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அங்கே நிற்பதைப் பற்றிப் பேசுவதில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லானில் நடந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் ஆராய்ந்த ஒரு கட்டுரையில் மொத்தம் 135 பேர், அதில் 90 பேருக்கு நீச்சலில்தான் நடந்தது. பக்கத்தில் ஒருவர் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்காமல், நிமிர்ந்தபடி, முன்னேறாமல் இருந்தால் அவர் திணறுகிறார் என்று அர்த்தம். கத்த மாட்டார், அவருக்கு மூச்சு இருக்காது. நீங்கள் பிடிக்கப் போனால் உங்களையும் சேர்த்து அமுக்கிவிடுவார். தள்ளி நின்று கையை உயர்த்திக் கயாக்கை (காவலுக்கு நிற்கும் சிறு படகை) கூப்பிடுங்கள், மல்லாந்து மிதக்கச் சொல்லுங்கள், அவர் கண்ணில் படும்படி இருங்கள். கயாக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப நீந்தலாம், அதனால் முன்னேறாத வரை விதிமீறல் ஆகாது. பலருக்கு இது தெரியாததால்தான் பிடிக்கப் பயப்படுகிறார்கள். அதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

முதலுதவியும் சிபிஆரும் (நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முறை) கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சி அட்டவணையில் ஒரு சனிக்கிழமையை அதற்குக் கொடுங்கள். இரக்கம் வருவது கிருபை. கை என்ன செய்ய வேண்டும் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருகயிறு:

செவிலி சகோதரி சொன்னதைப் படித்து மனம் நிறைந்தது. நான் வேறு திசையிலிருந்து வருகிறேன். பார்வையற்ற போட்டியாளர்களுக்கு வழிகாட்டியாகப் போகிறேன். அங்கே "உதவுவதா போட்டியிடுவதா" என்ற கேள்வியே எழுவதில்லை. இரண்டும் ஒன்று.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நீச்சலில் இருவரையும் ஒரு எலாஸ்டிக் கயிறு இணைக்கும், தொடையிலோ இடுப்பிலோ. அவர் கை வீசும் தாளத்துக்கு நான் என் தாளத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கயிறு இறுகினால் நான் முந்துகிறேன் என்று அர்த்தம். இழுக்கக் கூடாது, அது விதி. மிதவை வளைவு வந்தால் என் தோள் அவர் தோளை லேசாக உரசும், அதுதான் "திரும்பு" என்ற சொல். பிறகு இருவர் மிதிக்கும் சைக்கிள். முன்னால் நான், பின்னால் அவர். பள்ளம் வருகிறது, மேடு வருகிறது, கியர் மாற்றுகிறேன் என்று வாய் ஓயாமல் சொல்ல வேண்டும். ஓட்டத்தில் மறுபடி கயிறு. கடைசியில் கோட்டைத் தாண்டும்போது நான் அவருக்குப் பக்கத்திலோ பின்னாலோதான் இருக்க வேண்டும். முன்னால் போகக் கூடாது.

இதில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. அவருடைய பந்தயத்தை நான் ஓட முடியாது. மிதிக்கிற வலி அவருடையது, மூச்சு அவருடையது. கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. முன்பு இது எனக்கு முரணாகத் தெரிந்தது. கயிற்றின் ஒரு முனையில் ஓடிப் பார்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

டிக் ஹோய்ட், ரிக் ஹோய்ட் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்கும். மூளை முடக்குவாதம் உள்ள மகன் ரிக்கைப் படகில் வைத்து இழுத்து நீந்தி, சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து மிதித்து, சக்கர நாற்காலியில் தள்ளி ஓடினார் அப்பா டிக். 1989-இல் ஹவாய் அயர்ன்மேனை முடித்தார்கள். ஓட வேண்டும் என்று முதலில் கேட்டது மகன்தான். அப்பா தன் ஆசைக்கு மகனைச் சுமக்கவில்லை. உதவி செய்யப் போகிற எல்லாரும் இதைக் கவனிக்க வேண்டும். அவர் என்ன கேட்கிறார்? முதலில் அதைக் கேளுங்கள்.

சக்கரச்சத்தம் சகோ, உங்கள் வேகம் வீணாகாது. வேகமான பார்வையற்ற வீரர்களுக்கு அவர்களைவிட வேகமான வழிகாட்டி வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது கஷ்டம். பாராலிம்பிக்கில் 2016 ரியோவிலிருந்து டிரையத்லான் இருக்கிறது, வழிகாட்டிக்கும் பதக்கம் உண்டு. யோசித்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து:

நான் கிறிஸ்தவன் இல்லை, டிரையத்லான் பிடிக்கும் என்பதால் படித்தேன். ஒன்று கேட்கலாமா? நின்று உதவியதைப் படத்தோடு போட்டு, வசனமும் எழுதும் பதிவுகளைப் பார்க்கிறேன். அந்தப் படத்தில் வாந்தியெடுத்துக் கிடக்கிறவர் அதற்குச் சம்மதித்தாரா? உங்கள் நம்பிக்கைக்கு அவர் ஒரு சான்றாக மாற வேண்டுமா? எனக்கு ஒருமுறை நெஞ்சு அடைத்தபோது ஒரு பெண்மணி கயாக் வரும் வரை பக்கத்தில் மிதந்தபடி பேசிக்கொண்டே இருந்தார். யாரென்றே தெரியாது. அவர் எதையாவது நம்புகிறவரா என்றும் தெரியாது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

நீலத்தொப்பி:

சகோதரரே, சரியான இடத்தில் தொட்டீர்கள். இயேசுவே மலைப்பிரசங்கத்தில் சொன்னதுதான், வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று. விழுந்து கிடக்கிறவரின் படத்தைப் போடுவது அவரை இரண்டாம் முறை கீழே தள்ளுவது. யார் கேட்டாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாட்சி என்பது கேட்கிறவருக்குச் சொல்ல வேண்டியது. கேட்காதவர் தலையில் கட்ட வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தில் மிதந்த அந்தச் சகோதரிக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

மெதுவோட்டம்:

கடைசிக் கூட்டத்தில் ஓடுகிறவள் நான். எங்கள் பக்கம் வேறு உலகம். கெடுவுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது இருட்டில் நடக்கிறவர்களுக்குப் பெரிய உதவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நடந்தால் போதும். "அடுத்த விளக்குக் கம்பம் வரை ஓடலாமா?" என்று கேட்டுக் கேட்டே முடித்தவர்கள் உண்டு. தொடாமல், தள்ளாமல், விதிக்கு உட்பட்டு.

சிஸ்டர் மடோனா பியூடரை இங்கே யாரும் சொல்லவில்லையே! கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி, 1930-இல் பிறந்தவர். ஒரு குருவானவர் சொல்லி 48 வயதில்தான் ஓட ஆரம்பித்தார். 2012-இல் 82 வயதில் கனடா அயர்ன்மேனை நேரத்துக்குள் முடித்தார். அவருக்காகவே மேல் வயதுப் பிரிவுகளைத் திறக்க வேண்டி வந்தது. தனக்குப் பின்னால் வரும் பெண்களுக்கு அப்படி வழி திறந்துவிடுவதும் உதவிதான்.

இன்னொரு விஷயம் உறுத்துகிறது. பந்தயங்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில். நம் உதவி முதலில் வேண்டியிருக்கிற சபையை விட்டுவிட்டு, யாரென்றே தெரியாதவருக்கு டியூப் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறோமோ? ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் 100 மீட்டரை விட்டார், 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். பிறகு மிஷனரியாகச் சீனாவுக்குப் போய், 1945-இல் தடுப்பு முகாமில் இறந்தார். அந்த முகாமில் பிள்ளைகளுக்கு விளையாட்டுகள் நடத்திக் கொடுத்தவரும் அவர்தான். நான் எடுத்த முடிவு இது: ஞாயிறு பந்தயங்களை ரொம்பவும் குறைத்துவிட்டேன், சனிக்கிழமை நடப்பதைத் தேடுகிறேன். ஞாயிறு நடக்கும் சிலவற்றுக்குத் தன்னார்வலராக மட்டும் போகிறேன், அதுவும் மாலை ஆராதனைக்கு வந்துவிட முடிந்தால்தான். மற்றவர்கள் வேறு முடிவெடுக்கலாம், ரோமர் 14-ஆம் அதிகாரம் அதற்கு இடம் தருகிறது.

தன்னார்வலராகப் போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். முடிவுக் கோட்டில் விழுகிறவர்களைப் பிடிக்கும் வேலை கேட்டு வாங்குங்கள். உப்பும் வியர்வையும் வாந்தியும் நாறும் ஒருவர் உங்கள் தோளில் முழு எடையோடு சாய்வார். பெயரைக் கேட்டுக்கொண்டே நடத்திக் கொண்டுபோக வேண்டும். பெயர் சொல்ல முடிந்தால் நாற்காலி, முடியாவிட்டால் மருத்துவக் கூடாரம்.

சக்கரச்சத்தம்:

எல்லாருடைய பதிலையும் இரண்டு முறை படித்தேன். முழு பலத்தோடு போட்டியிட வேண்டும் என்பதில் இன்னும் உறுதியாகவே இருக்கிறேன், அது மாறாது. ஆனால் மனைவியிடம் இதைப் பேசினேன். "விழுந்து கிடந்தவரைத் தாண்டி வந்து பதக்கம் வாங்கினால் அதை நான் எங்கே மாட்டுவது?" என்று கேட்டாள். அவளிடம் கேட்காமலேயே அவள் பெயரில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. இனி வருகிற பந்தயங்களில் மார்ஷலிடம் தகவல் சொல்லும் வேலை என்னுடையது. ஒருகயிறு சகோ, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், வழிகாட்டியாக எப்படிச் சேர்வது என்று சொல்லுங்கள்.

நீலத்தொப்பி சகோ, ஒரு நடைமுறைக் கேள்வி. அந்தக் கூடுதல் டியூப் என்ன அளவு? என் சக்கர வளையம் (ரிம்) ஆழமானது. சாதாரண டியூபை ஒருவர் அன்பாகக் கொடுத்தாலும் வால்வு வெளியே வராது.

நீலத்தொப்பி:

அதற்காகவே 80 மில்லிமீட்டர் வால்வு உள்ளதை வைத்திருக்கிறேன். ஆழம் குறைந்த ரிம்மில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், ஆனால் வேலை செய்யும். குட்டை வால்வு ஆழமான ரிம்மில் பயன்படவே படாது. சக்கர அளவு 700சி, டயர் அகலம் 25 முதல் 32 வரை தாங்கும் டியூப், பிரெஸ்டா வால்வு. உங்களுடைய ரிம் அதைவிட ஆழம் என்றால் வால்வு நீட்டிப்பான் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) ஓட்டுகிறவர்களும் ஒரு டியூப் வைத்திருங்கள், பெரிய கிழிசலுக்கு ஓட்டையை அடைக்கும் பிளக் நிற்காது. காற்றுக்கு கார்ட்ரிட்ஜ் இரண்டு, கூடவே ஒரு சின்னக் கைப்பம்ப். கார்ட்ரிட்ஜ் தீர்ந்தால் தீர்ந்ததுதான், பம்ப் இருந்தால் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காற்றடிக்கலாம்.